8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்: ரிட்டயர் ஆன லோகோ பைலட்டின் மதிப்புரை

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் குறைந்தது என்பது கீழே வரும். கம்பெனி பெயர் போடவில்லை. இந்த அளவில் யார் செய்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: 203 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழிக் கண்ணாடி, 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம், ஒரு தகரக் குழாய், அதைத் தாங்க ஒரு பலகைப் பெட்டி. மோட்டார் கிடையாது. கரண்ட், ஆப் எதுவும் வேண்டாம். விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டும். கிராஜுவிட்டிப் பணத்தில் வீட்டு வேலை முடித்தது போக மிஞ்சியதில் வாங்கினேன்.

நான் சரக்கு வண்டி ஓட்டினவன். ஊர் ஜோலார்பேட்டை. ஈரோடு, காட்பாடி, பங்காரப்பேட்டை என்று சர்வீஸ் முழுக்க ராத்திரி ஓட்டம்தான் அதிகம். சரக்கு வண்டிக்காரனுக்குப் பாதி வாழ்க்கை லூப் லைனில் போய்விடும். பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட மொரப்பூரிலோ சாமல்பட்டியிலோ ஒதுக்கிப் போட்டார்கள் என்றால் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மார்கழி, தை மாதங்களில் கேபின் கண்ணாடிக்கு எதிரே கார்த்திகையும் ரோகிணியும் திருவாதிரையும் வரிசையாக ஏறும். வானத்தோடு அப்போது எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான். பெயர் தெரியும், தூரம் தெரியாது. தூரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இதை வாங்கினேன்.

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்பது. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். மூன்று கால் ஸ்டாண்டோடு, 500 மடங்கு, 600 மடங்கு என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற சின்ன டெலஸ்கோப்பில் அந்த மடங்குக்குப் போனால் மங்கலான ஆட்டம் மட்டும்தான் தெரியும். கேட்க வேண்டியது கண்ணாடி எவ்வளவு அகலம் என்பது. இருட்டில் நன்றாக விரிந்த கண்மணி 7 மில்லிமீட்டர். இந்தக் கண்ணாடி 203. பரப்பளவைக் கணக்குப் போட்டால் வெறும் கண்ணைவிட ஏறத்தாழ 800 மடங்கு வெளிச்சத்தை வாரிக் கண்ணுக்குள் அனுப்புகிறது. கூட வருகிற ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கு, 10 மில்லிமீட்டர் ஐபீஸ் 120 மடங்கு. தொண்ணூறு சதவீத வேலைக்கு 48 மடங்கே போதும்.

இந்த வடிவத்தைக் கொண்டுவந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்து வழி வந்த வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடி வட்டங்களை வாங்கித் தன் கையாலேயே தேய்த்து டெலஸ்கோப் கண்ணாடி செய்தார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை, இவ்வளவுதான் மற்றப் பொருள்கள். அவற்றைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போய், போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். டெலஸ்கோப்போடு வெளியே போய்ப்போய் வந்ததில் மடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் 1967இல் வெளியேற வேண்டியதாயிற்று. மறு வருஷமே தெருவோர வானியல்காரர்கள் என்ற குழுவைச் சிலரோடு சேர்ந்து தொடங்கினார். 98 வயது வரை இருந்து 2014இல் காலமானார். தன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கி அவர் பணம் சேர்க்கவில்லை. அதனால்தான் இன்று என் மாதிரி ஒரு பென்ஷன்காரன் கைக்கு எட்டுகிற விலையில் இது கிடைக்கிறது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

பெட்டி வந்ததும் ஒரு ஆளாகவே பூட்டிவிடலாம். ஆலன் கீயும் ஸ்குரூ டிரைவரும் கூடவே வருகின்றன. அடிப்பெட்டி பலகைகளை ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிட்டேன். அதன்மேல் குழாயைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. இடம் வலம், மேல் கீழ் என்று கையால் தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். அந்த வழுக்கலும் பிடிப்பும் சரியான அளவில் இருப்பதுதான் இந்தச் சாதனத்தின் உயிர். என்னுடையதில் அது நன்றாகவே இருக்கிறது.

கொலிமேஷன் என்று ஒரு வேலை உண்டு. அடியில் இருக்கிற பெரிய கண்ணாடியும் மேலே சாய்வாக இருக்கிற சின்னக் கண்ணாடியும் ஒரே நேர்கோட்டில் பார்க்கும்படி திருகுகளைத் திருப்பிச் சரிசெய்வது. பயணத்தில் அலுங்கி வருவதால் புதிதாக வந்த டெலஸ்கோப்பில் இது கட்டாயம் கலைந்திருக்கும். எனக்கு வந்ததில் சின்னக் கண்ணாடியின் திருகு முழுதாகவே தளர்ந்து கிடந்தது. விற்ற கடைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவருக்கும் கொலிமேஷன் என்றால் என்னவென்று தெரியவில்லை. நீங்கள் வாங்கும்போது கடைக்காரருக்கு இது தெரிகிறதா என்று முதலிலேயே கேட்டுப் பாருங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, பழகிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை.

இனி, இதை வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வருகிறேன்.

சனி கிரகத்தை 120 மடங்கில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். பார்வை வட்டத்தின் ஒரு ஓரத்தில் இருந்த சனி மெதுவாக நகர்ந்து, நடுவைக் கடந்து, இரண்டு நிமிஷம் ஆவதற்குள் மறு ஓரத்தில் மறைந்துவிடும். மோட்டார் வைத்த விலை உயர்ந்த டெலஸ்கோப்பில் இது தெரியாது. அது கூடவே திரும்பிக்கொண்டிருக்கும். மோட்டார் இல்லாததைப் பலரும் இதன் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் பாடம். ஓடுவது சனி இல்லை, நாம். என் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாமே மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய்க்கொண்டிருப்பதை ஐபீஸில் கண்ணை வைத்து நேராகப் பார்க்கலாம். வாழ்நாள் பூராவும் ஓட்டின எனக்கு, நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஓடுகிறோம் என்பது புத்தகத்தில் படித்தபோது ஏறவில்லை. இதில் ஏறியது.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது. ஏறத்தாழ 15 வருஷத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். இப்போது மறுபடி விரிந்து வருகிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரியம் செய்கிறார்கள்: ஐபீஸிலிருந்து தலையை எடுத்துக் குழாயின் வாய்ப்பக்கம் போய் எட்டிப் பார்க்கிறார்கள், உள்ளே படம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. தெருவில் வைத்தபோது இட்லிக் கடை அக்காவும் பார்த்தார், அவர் பையனும் பார்த்தான், பெண்ணைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். தெருவிளக்கு வெளிச்சத்துக்குச் சனி, வியாழன், நிலா மூன்றும் அஞ்சாது. வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் வரிசையாகத் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்ததைவிட நாம் பலமடங்கு தெளிவாகவே பார்க்கிறோம்.

தூரத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் சரக்கு வண்டி. மணிக்கு 75 கிலோமீட்டர், எங்கேயும் லூப்பில் போடாமல், சிக்னல் எல்லாம் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவுக்கு ஏழு மாதம். அது பரவாயில்லை, லீவு போட்டுவிட்டுப் போய் வரலாம். சூரியனுக்கு 228 ஆண்டு. சனி மிக நெருங்கி வருகிற காலத்தில் 120 கோடி கிலோமீட்டர். அதற்கு 1,800 ஆண்டுக்கு மேல். இதற்கு அடுத்த ஸ்டேஷனைத்தான் பார்க்க வேண்டும். வைகாசி முன்னிரவில் தெற்கே அடிவானத்தை ஒட்டிப் பளிச்சென்று ஆல்ஃபா சென்டாரி இருக்கும். ஜோலார்பேட்டையிலிருந்து 16, 17 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. டெல்லிக்காரருக்கு அதுவும் கிடையாது, அடிவானத் தூசியில் முடிந்துவிடும். 120 மடங்கில் அது இரண்டு மஞ்சள் நட்சத்திரமாகப் பிரியும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கிற நட்சத்திரக் குடும்பம் இதுதான்: 4.4 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. என் வண்டிக்கு 6 கோடி ஆண்டுக்கு மேல். டைனோசர்கள் அழிந்து கொஞ்ச காலம் கழித்துப் புறப்பட்ட வண்டி, வழியில் எங்கும் நிற்காமல் ஓடி, இப்போதுதான் ஹோம் சிக்னலைப் பார்க்கும்.

இந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்த அன்றைக்கு மனசு கொஞ்சம் கனத்துத்தான் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும். டெலஸ்கோப் விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. இதை வாங்குகிறவருக்கு ஏதோ ஒரு ராத்திரி இது வந்தே தீரும். பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட வாங்கியவருக்கும் வரும்.

எனக்கு அதிலிருந்து வழி காட்டியது அம்மா. வயது 82. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி லென்ஸ் வைத்திருக்கிறது. மாடி ஏற முடியாது. சித்திரையில் ஒருநாள் தெருவிளக்கு அணைந்திருந்த நேரம் பார்த்து டெலஸ்கோப்பை வாசலில் இறக்கி, பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். இந்த 8 அங்குலத்தில் ஐபீஸ் வரும் உயரம் ஸ்டூலில் உட்கார்ந்த ஆளுக்கு அச்சாகப் பொருந்தும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய சௌகரியம். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருக்கிற வசிஷ்டரையும் பக்கத்தில் அருந்ததியையும் 48 மடங்கில் வைத்தேன். இரண்டும் ஒரே வட்டத்துக்குள் வரும். அதோடு வசிஷ்டரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிந்து நிற்பார். கருவிகளால் அளந்தவர்கள் வசிஷ்டரில் நான்கு, அருந்ததியில் இரண்டு, ஆக மொத்தம் ஆறு நட்சத்திரம் அங்கே சுற்றிக்கொண்டிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

அம்மா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "எங்க கல்யாணத்துல பட்டப்பகல்ல ஐயர் கையைத் தூக்கிக் காட்டினாரு. தெரியுதாம்மான்னாரு. தெரியுதுன்னேன். உங்கப்பாவும் தெரியுதுன்னாரு. இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அது 80 ஒளியாண்டுக்குச் சற்று மேலே இருக்கிறது, இப்போது பார்க்கிற வெளிச்சம் நீ பிறந்த காலத்தில் அங்கேயிருந்து கிளம்பியது என்று சொன்னேன்.

"நான் பொறந்தப்ப கெளம்பினதா?"

"ஆமாம்மா, ஏறக்குறைய."

"அப்ப எனக்குத்தான் வந்திருக்கு."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வார்த்தையை நான் பல நாள் யோசித்தேன். நட்சத்திரம் யாருக்காகவும் வெளிச்சம் அனுப்பவில்லை, எல்லாப் பக்கமும் கொட்டுகிறது, சரி. ஆனால் எல்லாப் பக்கமும் கொட்டியதில் அந்த நிமிஷம் இந்த 203 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்த வெளிச்சம் அம்மாவின் விழித்திரையில் போய் முடிந்தது. ஒளித்துகள் ஒரு கண்ணில் உறிஞ்சப்பட்டால் தீர்ந்தது. வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது, அடுத்த ஊருக்கு அது போகாது. எண்பது வருஷப் பயணத்துக்கு இறுதி ஸ்டேஷன் அம்மாவின் கண். இயற்பியல்படியே அது அவர்களுக்குத்தான் வந்தது. எத்தனை கோடி நட்சத்திரம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மனசில் இருந்த கனம் அதற்கப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

தெருவில் பார்க்க முடிந்தது இவ்வளவு. மிச்சத்துக்கு இருட்டு வேண்டும், மலை ஏற வேண்டும். எங்களுக்கு ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருப்பது பெரிய கொடுப்பினை. ஆலங்காயம் தாண்டி 725 மீட்டர் உயரத்தில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே இருக்கிற பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர், 1986இல் அதற்கு வானியலாளர் பாப்புவின் பெயரை வைத்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியதை அமெரிக்காவின் பறக்கும் ஆய்வகத்தில் இருந்தவர்கள் பதிவுசெய்தார்கள். காவலூரில் இருந்த 1 மீட்டர் டெலஸ்கோப்பிலும் அந்த மங்கல் பதிவானது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். 1988இல் இதே மலையில் கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர், எண் 4130. ஈரோட்டில் பிறந்து 32 வயதில் போய்ச் சேர்ந்த மனிதரின் பெயரில் ஒரு பாறை சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈரோட்டுக்கு எத்தனையோ தடவை வண்டி கொண்டுபோயிருக்கிறேன், இந்தச் சேதி ரிட்டயர் ஆன பிறகுதான் தெரியவந்தது.

நான் போவது புதூர்நாடு பக்கம், சொந்தக்காரர் ஒருவரின் சாமைக் காடு. பங்குனி அமாவாசைக்கு என்னோடு பழைய அசிஸ்டெண்ட் லோகோ பைலட் வந்திருந்தார். இப்போது அவரே லோகோ பைலட். குழாய் காரின் பின் சீட்டில் குறுக்காகப் படுத்துக்கொள்ளும், அடிப்பெட்டி டிக்கியில் ஏறாது, முன் சீட்டில் வைக்க வேண்டும். அதனால் அவர் பைக்கில் பின்னால் வந்தார். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதுவரை போனைத் தொடக்கூடாது. சிவப்பு டார்ச் மட்டும்.

நள்ளிரவை ஒட்டி ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே ஏறியது. இதை வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு மங்கலான நட்சத்திரம். 48 மடங்கில் வட்டத்தில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு, நடுவில் நெருக்கமாகவும் ஓரம் போகப் போகத் தனித்தனிப் புள்ளிகளாகவும் உதிர்ந்து கிடக்கும். சுமார் 17,000 ஒளியாண்டு தூரம், ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரம். ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு இது உதிப்பதே இல்லை. 8 அங்குல டாப்சோனியனுக்கு நம் ஊர் வானம் கொடுக்கிற மிகப் பெரிய பரிசு இதுதான். இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

அவர் பார்த்துவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். "நாம ஒண்ணுமே இல்ல சார்."

இதை ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். நான் அவரிடம் கேட்டேன்: "நிலக்கரி ரேக் ஓட்டறப்ப பின்னால எவ்வளவு வெயிட்?"

"லோடு இருந்தா ஐயாயிரம் டன் வரும் சார்."

"நீ எவ்வளவு?"

"எழுபது கிலோ."

"அதுல யாரு சிக்னலைப் பாத்தது?"

அவர் பதில் சொல்லவில்லை. எடையை வைத்து மதிப்புப் போடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் செல்லாது. ஐயாயிரம் டன்னில் பார்க்கிற கண் இரண்டு ஜோடிதான், அவை என்ஜினில் உட்கார்ந்திருக்கின்றன. நாம் அளவில் சிறியவர்கள் என்பது பொய் இல்லை. அது முழுச் சேதியும் இல்லை. இவ்வளவு பெரிய இருட்டில் பார்க்கிற கண் வேறு எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேறு எங்கேயும் இருக்கலாம், இருந்தால் சந்தோஷம். தெரிகிற வரைக்கும் அந்த வேலை நம் தலையில்தான் விழுந்திருக்கிறது. இதை நான் முழு மனசோடு நம்புகிறேன்.

அப்புறம் கன்னி ராசிக்குத் திருப்பினேன். அங்கே 3சி 273 என்று ஒரு குவேசார். மார்ட்டென் ஷ்மிட் என்ற வானியலாளர் 1963இல் இதன் நிறமாலையை வைத்து, நட்சத்திரம் போலத் தெரிகிற இது நம் பால்வீதியிலேயே இல்லை, எங்கேயோ தொலைவில் இருக்கிற ஒரு பொருள் என்று கண்டறிந்தார். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கிற பெரும் கருந்துளையில் விழப்போகிற வாயு சூடேறி எரிகிற வெளிச்சம் அது. அந்த வெளிச்சம் புறப்பட்டு ஏறத்தாழ 200 கோடி ஆண்டு ஆகிறது. அப்போது பூமியில் புல் இல்லை, மீன் இல்லை, கண் என்று ஒன்று எந்த உயிருக்கும் இல்லை.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். வண்ணம் கிடையாது, வடிவம் கிடையாது. வரைபடத்தை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன நட்சத்திரங்களைப் படியாகப் பிடித்துப் போனால், முடிகிற இடத்தில் மங்கலான ஒரு புள்ளி. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். விழித்திரையின் நடுவில் இருப்பவை பகலுக்கான செல்கள். இருட்டுக்கான செல்கள் சற்று ஓரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கடைக்கண்ணால் பிடிக்க வேண்டும். அவர் பிடிக்க முயன்றார், தவறியது, மறுபடி முயன்றார். பக்கத்தில் ஆந்தை ஒன்று விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வண்டியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. சிக்னல் தெரிந்ததும் மனசுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கையையும் நீட்ட வேண்டும். சர்வீஸ் முழுக்கச் செய்தால் அது ரத்தத்தில் ஊறிவிடும். புள்ளி பிடிபட்டதும் அவர் கையை நீட்டி, "தெரியுது சார்" என்று உரக்கச் சொன்னார். நான் குனிந்து பார்த்து, "தெரியுது" என்று திருப்பிச் சொன்னேன்.

இப்போது குறைகள். எடை முதலில்: குழாயும் அடிப்பெட்டியும் சேர்த்து 25 கிலோ அளவுக்கு வரும். தனித்தனியாகத் தூக்கலாம் என்றாலும் மூன்றாவது மாடிக்காரர்கள் யோசித்து வாங்குங்கள். அடிப்பெட்டி மரத்தூள் பலகை. ஓரத்தில் ஒட்டிய பட்டை பெயர்ந்து பனி இறங்கினால் ஊதிக்கொள்கிறது. நான் எல்லா ஓரத்துக்கும் வார்னிஷ் அடித்துவிட்டேன், நீங்கள் முதல் நாளே அடித்துவிடுங்கள். குறிபார்க்கக் கூட வருகிற சின்னக் குழாயான ஃபைண்டர் படத்தைத் தலைகீழாகக் காட்டும், அதில் கண் வைக்கக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும்; சிவப்புப் புள்ளி ஃபைண்டர் தனியாக வாங்கி மாட்டினால் நிம்மதி. 10 மில்லிமீட்டர் ஐபீஸ் சுமார்தான், கண்ணாடி போட்டவர்களுக்கு இடமே கொடுக்காது. அரை மதிப்பெண் பிடித்துக்கொண்டது பலகைக்கும் இந்த ஐபீஸுக்கும்.

போட்டோ எடுக்க வேண்டும் என்பவர்கள் இதை வாங்காதீர்கள். நிலாவைப் போனில் எடுக்கலாம், அதற்கு மேல் இது சரிப்படாது. இணையத்தில் வருகிற வண்ணப் படங்களைப் போல ஐபீஸில் தெரியும் என்று நினைப்பவர்களும் வாங்காதீர்கள். ஆண்ட்ரோமீடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து சாம்பல் நிறத் தீற்றலாகத்தான் வரும். எந்தச் சூழ்நிலையிலும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், குழந்தைகளைப் பகலில் இதன் பக்கத்தில் தனியே விடாதீர்கள். இந்தக் கண்ணாடி குவிக்கிற வெயில் கண்ணை அந்த நொடியே பறித்துவிடும். தை முதல் சித்திரை வரை எங்கள் பக்கம் வானம் நன்றாக இருக்கும். ஆடியிலிருந்து ஐப்பசி வரை மேகம். அந்த மாதங்களில் வாங்கினால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மார்கழியை ஒட்டி வாங்குங்கள்.

வாங்கினால் மாடியிலேயே பூட்டி வைக்காதீர்கள், தெருவுக்கு இறக்குங்கள். நிலாவும் சனியும் எல்லோருக்கும் காட்டுங்கள். கேட்டு வருகிறவர்களை மலைக்குக் கூட்டிப் போய் ஒமேகா சென்டாரியைக் காட்டுங்கள். ஸ்டூல் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். பார்க்கிறவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அவசரப்படுத்தாதீர்கள், பின்னால் வரிசை நின்றாலும் சரி. தூரக் கணக்கையெல்லாம் அவர் கண்ணை எடுத்த பிறகு, அவராகக் கேட்டால் சொன்னால் போதும்.